அப்பா மாத்திரையை நிறுத்தியதற்கு

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

தம்பியின் கடிதம் கிடைத்தது. மூன்று மாதமாக நான் எழுதவில்லை என்று அம்மாவுக்குக் கோபமாம், நியாயம்தான். ஆனால் கடைசி வரியில், ஆடு குட்டி போட்ட சேதி மாதிரி, "அப்பா மாத்திரையை நிறுத்திட்டார், நெஞ்சுவலிதான் இல்லையே என்கிறார்" என்று எழுதியிருக்கிறான். போனில் சொன்னால் "சரிம்மா" என்று வைத்துவிடுவீர்கள், அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் நல்லா இருக்கிறேன். லீட்ஸில் குளிர், நுவரெலியா பனியெல்லாம் இதுக்கு முன்னால் சும்மா. மேல்வீட்டுக் கிழவியைச் சொன்னேனே, ராத்திரி வாசலில் நரிக்கு பிஸ்கட் வைக்கிறவர், அவர் முன்பு ஆஸ்பத்திரி லேபில் இருந்தவராம். விஷயத்தைச் சொன்னதும் ஒரு மணி நேரம் என்னை உட்கார வைத்துவிட்டார்.

தேயிலை பெக்டரியில் இத்தனை வருஷம் நின்றவர் நீங்கள். ரோலரில் அரைத்த கொழுந்து செம்பு நிறம் ஏறுவது இலைக்குள் இருக்கும் நொதியம், அதாவது என்சைம், காற்றோடு சேர்ந்து செய்கிற வேலை. ட்ரையர் சூடு பட்டால்தான் நிற்கும், நேரம் தப்பினால் தூள் கெட்டது என்று நீங்களே ஏசுவீர்கள். இரத்தக் குழாயிலும் அப்படி ஒன்று நடக்கிறதாம். கொழுப்பு சும்மா படிந்து கிடப்பதில்லை, அந்த இடம் புண் மாதிரி அழன்று கிடக்கும். வெள்ளை அணுக்கள் வந்து கொழுப்பைத் தின்று வீங்கி, அங்கேயே தங்கி நொதியங்களை விடும், அவை மேலே மூடியிருக்கும் நார்த்தோலை அரிக்கும். தோல் கிழிந்தால் அங்கே இரத்தம் கட்டும், மாரடைப்பு வரும். பாதிகூட அடைக்காத இடமும் கிழியலாமாம், வலி இல்லை என்ற உங்கள் கணக்கு செல்லாது.

கண்டியில் உங்கள் இரத்தக் குழாயில் வைத்த ஸ்டென்ட், அந்தச் சின்ன வலைக்குழாய், ஓர் இடத்தைத்தான் திறந்தது. உங்கள் மாத்திரைகளில் அட்டோர்வாஸ்டட்டின் ஈரலில் கொழுப்பு உண்டாக்கும் நொதியத்தை மறிக்கிறது, அழற்சியையும் தணிக்கிறது. அஸ்பிரின் இன்னொரு நொதியத்தை மறித்து இரத்தம் கட்டாமல் பார்க்கிறது. முதலில் சொன்ன மருந்தின் வகையை 1970களில் ஜப்பானில் அகிரா எண்டோ ஒரு பூஞ்சணத்தில்தான் கண்டுபிடித்தாராம். லயத்துச் சுவரில் பூக்கிற பூஞ்சணத்தை அம்மா ஏசுவது ஞாபகம் வந்தது.

அப்புறம் கிழவி தேத்தண்ணி தந்தார், பையை முக்கி எடுத்த வெளுத்த தண்ணி. பெக்டரி என்ன வாசம் வரும் என்று கேட்டார். வேலை விட்டு வந்தால் உங்கள் சட்டையில் இருக்குமே, அது. வாய் வரவில்லை, அடுப்பில் சோறு இருக்கிறதென்று சொல்லிக் கீழே வந்துவிட்டேன்.

சரி, வீட்டு விஷயம். மழைக்கு முன்னே கூரைத் தகரத்தை மாற்றுங்கள், மாமாவிடம் கடன் வேண்டாம். இந்த மாசம் கொஞ்சம் குறைத்துத்தான் அனுப்புவேன், ரெண்டு வாரம் லீவு தந்திருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை. தங்கச்சியின் டியூஷனை நிறுத்தாதீர்கள். அத்தை கசாயம் தந்தால் எதற்கும் கிளினிக்கில் கேட்டுவிட்டுக் குடியுங்கள், மாத்திரைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம். நிறுத்திய மாத்திரையை எப்படித் திரும்பத் தொடங்குவதென்றும் இந்த வாரமே போய்க் கேளுங்கள். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் தம்பி மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்பட்டும், நான் எண்ணிப் பார்ப்பேன்.

அன்பு மகள்