நிரல் தவறும் கணக்குகளையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிக் கணிதத் துறைகளில் தொழில்நுட்பம் என்றாலே ஸ்மார்ட் போர்டு வாங்குவது என்றாகிவிட்டது. நிரல் எழுதப் பைத்தான், எண் கணக்கீட்டுக்குச் சைலேப், வரைபடம் வரைய ஜியோஜீப்ரா மூன்றுமே இலவசமாகக் கிடைக்கின்றன. இளநிலைச் செய்முறை வகுப்புக்குப் பழைய கணினியே போதும். குறையெல்லாம் நாம் கேட்கும் கணக்குகளில்தான்.

ஒரு தொடக்க மதிப்பில் வளைவரைக்குத் தொடுகோடு போட்டு, அது எக்ஸ் அச்சை வெட்டும் இடத்தை அடுத்த மதிப்பாக எடுத்துப் படிப்படியாகத் தீர்வை நெருங்குவது நியூட்டன்-ராப்சன் முறை. அதற்கு வழக்கமாகக் கொடுப்பது எக்ஸ்³ − 2எக்ஸ் − 5 = 0. தொடக்க மதிப்பு 2 என்றால் முதல் படியில் 2.1, அடுத்ததில் 2.0946. நிரலை மனப்பாடம் செய்து ரெக்கார்டு நோட்டில் எழுதியவருக்கு முழு மதிப்பெண்.

அதே சமன்பாட்டில் −5ஐ +2 ஆக்கி, 0இல் தொடங்கச் சொல்லிப் பாருங்கள். 1 வரும், பிறகு 0, மறுபடி 1. படிகளுக்கு உச்சவரம்பு வைக்காத நிரல் நிற்கவே நிற்காது. கணினி ஹேங் ஆகிவிட்டதென்று மாணவர் ரீஸ்டார்ட் செய்வார். −2இல் தொடங்கினாலோ மூன்றே படியில் −1.7693. காரணம் தெரிய, ஜியோஜீப்ராவில் வளைவரையை வரைந்து 0இலும் 1இலும் தொடுகோடு போட வேண்டும்: முதல் கோடு எக்ஸ் அச்சை 1இல் வெட்டும், இரண்டாவது 0இல்.

இன்னொன்று: 1இலிருந்து காஸ் (கொசைன்) எக்ஸைக் கழித்து, எக்ஸின் வர்க்கத்தால் வகுப்பது. எக்ஸ் 0ஐ நெருங்கும்போது எல்லை 0.5. எக்ஸுக்கு 0.00000001 கொடுத்தால் பைத்தான் 0 என்கிறது. அது வைத்துக்கொள்வது ஏறத்தாழ 16 இலக்கங்கள்; இங்கே காஸ் மதிப்பு 1இலிருந்து விலகுவது 17ஆம் தசம இடத்தில். கழித்ததும் மிஞ்சுவது ஒன்றுமில்லை. தொகுதியை 2 சைன்² (எக்ஸ்/2) என்று மாற்றி எழுதினால் 0.5 வந்துவிடும். மேல்நிலைப் பள்ளியில் படித்த வாய்பாடுதான்!

பாடத்திட்டக் குழுக்கள் செய்முறைத் தேர்வில் இப்படி ஒரு கேள்வியாவது கட்டாயமாக்க வேண்டும். தொடக்க மதிப்பைப் பதிவெண்ணின் கடைசி இலக்கத்திலிருந்து எடுக்கச் சொன்னால் காப்பியடிக்கவும் வழியிருக்காது. அவுட்புட் வராத நிரலுக்குப் பூஜ்யம் போடும் புறத்தேர்வாளர்கள், ஏன் வரவில்லை என்று சரியாக எழுதியவருக்கு முழு மதிப்பெண் தரும்படி மதிப்பீட்டு விதியையும் திருத்த வேண்டும்.

கணிதப் பேராசிரியர்கள் சிலர்,
திருச்சி