தீபாவளிக் காற்றை மணிக்கு மணி சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி முடிந்ததும் ஆண்டுதோறும் வாரியம் அறிவிப்பது 24 மணி நேரச் சராசரி. ஆஸ்துமா நோயாளி இருக்கும் வீட்டுக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

கணக்கு எளிது. பி.எம். 2.5 நுண்துகள் நான்கு மணி நேரம் கனமீட்டருக்கு 400 மைக்ரோகிராம், மீதி இருபது மணி நேரம் 40 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொண்டால் நாள் சராசரி 100. வரம்பு 60 என்பதால் ‘சற்றே கூடுதல்’ என்று செய்தி முடிந்துவிடும். ஆனால் அந்த நான்கு மணி நேரமும் குழந்தை சுவாசித்த காற்றில் இருந்தது 400. மூச்சுக்குழாய் சுருங்க அதுவே அதிகம்.

இரவு எட்டு மணிக்கு மேல் பட்டாசுக்கு அனுமதியில்லை என்றாலும் வெடி ஓய நள்ளிரவாகிறது. ஓய்ந்ததும், புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறக்கிறார்கள். தவறு அங்கேதான் நேர்கிறது. காற்று அசையாத ஐப்பசி இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கீழே தங்க, அதன்மேல் வெதுவெதுப்பான அடுக்கு மூடிக்கொள்ளும். புகை மேலே போக வழியின்றி விடியும்வரை தெருவிலேயே கிடக்கும். பின்னிரவில் பிள்ளைக்கு இழுப்பு வரும். மருந்தை உள்ளிழுக்க உதவும் ஸ்பேசர் குழலை முகத்தில் பொருத்தி, இன்ஹேலரை ஒருமுறை அழுத்திவிட்டு மூச்சை எண்ணிக்கொண்டிருக்கும் தாய்க்கு, ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று சொல்ல ஆளில்லை.

மணலி, ஆலந்தூர், வேளச்சேரி போன்ற இடங்களில் உள்ள தானியங்கிக் காற்றுத்தர நிலையங்கள் மணிக்கு மணி பதிவு செய்கின்றன. புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். இருக்கும் எண்ணை அந்த மணிக்கே சொன்னால் போதும்.

சத்தத்துக்கு வரம்பு உண்டு: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல். சத்தமே போடாத பாம்பு மாத்திரையை யார் கேட்பது? புனேயின் நெஞ்சக ஆய்வு அறக்கட்டளை அளந்தபோது பி.எம். 2.5 அளவில் மற்ற வகைகளை எல்லாம் விஞ்சி கனமீட்டருக்கு 64,500 மைக்ரோகிராமைத் தொட்டது அதுதான். பயமில்லை என்று சின்னஞ்சிறுசுகளிடம் கொடுப்பதும் அதைத்தான். முகத்தைத் தாழ்த்திக் குனிந்து பார்க்கிறார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்த சரவெடி இன்னும் தெருத் தெருவாக வெடிக்கிறது. மறுநாள் அந்தக் காகிதக் குவியலை ஆபத்தான கழிவு என்று சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு அனுப்புகிறோம். அதே குவியலை முகக்கவசம்கூட இல்லாமல் கூட்டி அள்ளுகிறார்கள் தூய்மைப் பணியாளர்கள். துடைப்பம் பட்டதும் மருந்துத்தூள் மறுபடி எழும்பி அவர்கள் மூக்கில் ஏறுகிறது. இது யாருக்கும் தெரியாத செய்தியா?

ஆத்திரத்தில் சொல்ல வந்ததை விட்டு விலகிவிட்டோம்; பொறுத்தருள்க. கேட்பது ஒன்றுதான். தீபாவளியன்று அதிகாலை 4 மணி முதல் மறுநாள் காலை 9 மணி வரை, ஒவ்வொரு நிலையத்தின் பி.எம். 2.5 அளவையும் மணிக்கு மணி தமிழில், தொலைக்காட்சியிலும் கைப்பேசிக் குறுஞ்செய்தியிலும் அறிவியுங்கள். எண்ணோடு ‘ஜன்னலைச் சாத்துங்கள்’, ‘இப்போது திறக்கலாம்’ என்று ஒரு வரியும் சேருங்கள். பண்டிகைக்கு முன்னும் பின்னும் ஏழு நாள் காற்றில் அளக்கும் பட்டாசு உலோகங்களான அலுமினியம், பேரியம் விவரங்களையும் நிலையவாரியாக வெளியிட வேண்டுகிறோம். அடுத்த தீபாவளிக்குள் இதற்கு ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காற்றுத் தரத்தைக் கவனித்துவரும் குடிமக்கள்