அரசு மருத்துவமனை கண் பிரிவில் மூடிக்கிடக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் கருவியை இயக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கிட்டப்பார்வை நோயாளி, தையல் தொழிலாளி
(பெயர், முகவரி, ஓ.பி. எண் தனித்தாளில் உள்ளன)

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள்

பொருள்: மாவட்டத் தலைமை மருத்துவமனை கண் பிரிவு – விழித்திரையைப் (கண்ணின் உள்ளே பின்பக்கம் உள்ள திரை) படம் எடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் கருவியை இயக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே கோரிக்கையுடன் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் நான் கொடுத்த முந்தைய மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் கடைவீதியில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள். வயது 38. இரண்டு கண்ணிலும் மைனஸ் 13-க்கு மேல் பவர். முன்பு கொடுத்த மனுக்களுக்கு, "உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது" என்று செல்போனில் செய்தி வந்தது. அப்புறம் "மனு முடித்து வைக்கப்பட்டது" என்று இன்னொன்று வந்தது. கருவியின் மேல் போர்த்திய பச்சைத் துணியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. ஆகவே தங்களுக்கே நேராக எழுதுகிறேன்.

1. கருவி இருக்கும் இடம் தாங்கள் அறிந்ததுதான். பழைய கட்டடத்தில் மாடிப்படியை ஒட்டி, கண்ணாடி பவர் பார்க்கும் அறைக்கு அடுத்த அறை. வந்த புதிதில் நன்றாக ஓடியது. என் முதல் ஸ்கேனே அதில் எடுத்ததுதான். அதை இயக்கிய கண் மருத்துவ உதவியாளர் மாறுதலில் போனார். பிறகு ஆள் வந்தபோது கருவி பழுது என்றார்கள். இன்று எது குறை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

2. கிட்டப்பார்வைதானே, கண்ணாடி போட்டால் போச்சு என்று பலர் நினைக்கிறார்கள். என் போன்றவர்களுக்கு அது பாதி உண்மைகூட இல்லை. பெரியவர்களின் கண், முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் நீளம். 26-ஐத் தாண்டினால் ஆபத்துள்ள கண். என் இடது கண் 28.9. இப்படி நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிகிறது, ஓரத்தில் கிழிகிறது, நடுவில் விரிசல் விட்டு அதன் வழியே கெட்ட ரத்தக்குழாய் முளைக்கிறது. கண்ணாடி இதில் எதையும் தடுக்காது. பவர் ஏறாமல் அப்படியே இருக்கும்போதுகூட உள்ளே இது நடக்கலாம். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி இதைக் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

3. எனக்கு நடந்ததும் அதுதான். ஒருநாள் இஞ்ச் டேப்பைத் துணியில் வைத்தபோது 14-க்கும் 16-க்கும் நடுவில் கோடுகள் நெளிந்து தெரிந்தன. வலது கண்ணை மூடிப் பார்த்தால் நெளிவு. இடது கண்ணை மூடினால் கோடு நேர். மறுநாளே இந்த மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தேன். டாக்டர் நல்லவர், கடைசி நோயாளி வரை பொறுமையாகப் பார்ப்பவர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சொட்டு மருந்து போட்டுப் பார்த்துவிட்டு, "நடுவில் ரத்தக்கசிவு மாதிரி இருக்கிறது. ஓ.சி.டி. பார்க்காமல் கண்ணுக்குள் ஊசி போட முடியாது, வெளியில் எடுத்துட்டு வாங்கம்மா" என்றார்.

ஐயா, அந்த "வெளியில்" என்ற சொல்லைத் தாங்கள் தயவுசெய்து எண்ணிப் பார்க்க வேண்டும். சொட்டு மருந்து போட்ட கண்ணுக்குக் கிட்டத்தில் எதுவும் புரியாது. வெயில் ஊசியாகக் குத்தும். அந்த நிலையில் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, ரோட்டைக் கடந்து, பஸ் போர்டைப் படிக்க முடியாமல் ஆள் ஆளாகக் கேட்டு மதுரை பஸ் ஏற வேண்டும். அங்கே போனால் அன்றைய டோக்கன் முடிந்திருக்கும். ஸ்கேனுக்குக் கொடுப்பது என் ஒரு வாரக் கூலி. படத்தை வாங்கிக்கொண்டு திரும்பினால், இங்கே விழித்திரை பார்க்கும் நாள் அடுத்த வாரம். இந்த நோயில் ஊசியைச் சீக்கிரம் போட்டால்தான் பார்வை நிற்கும். தள்ளிப்போனால் அந்த இடம் தழும்பாகிவிடும், போன பார்வை திரும்பாது. எனக்குத் தழும்பாகிவிட்டது. இடது கண்ணால் எதிரில் நிற்பவர் முகத்தின் நடுப்பகுதி தெரியாது. படம் எடுக்கச் சில நிமிடம் போதும். ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. தாடையை வைத்து உள்ளே தெரியும் குறியைப் பார்த்துக்கொண்டிருந்தால் சரி. அந்தக் கருவி அதே தாழ்வாரத்தில் துணி போர்த்திக் கிடக்க, நான் ஏன் அலைந்தேன்? யாராவது பதில் சொல்லுங்கள்.

4. ஒருதடவை எடுத்தால் தீராது. ஊசிக்குப் பிறகு விழித்திரையில் கசிந்த நீர் வற்றியதா, மறுபடி கசிகிறதா என்று தொடர்ந்து ஒப்பிட வேண்டும். ஒரு கம்பெனிக் கருவி காட்டும் விழித்திரைத் தடிமன் அளவை இன்னொரு கம்பெனிக் கருவியின் அளவோடு அப்படியே ஒப்பிடக் கூடாது என்று டாக்டரே சொன்னார். நான் கைக்காசைப் பார்த்து இடம் மாற்றி மாற்றி எடுத்த படங்கள் ஒன்றோடொன்று பேசவே மாட்டேன் என்கின்றன. இன்னொன்று: கண் நரம்பு தேய்வதைப் பார்க்க அந்தக் கருவியில் இருக்கும் "சரியான அளவு" சாதாரணக் கண்களிலிருந்து எடுத்தது. நீண்ட கண்ணுக்கு அது பொருந்தாமல், கெடாத இடத்தையும் சிவப்பாகக் காட்டுவது உண்டு. எங்களுக்கு ஒரே நம்பகமான அளவுகோல் எங்களுடைய பழைய படம்தான். என் பழைய படம் அந்தப் பூட்டிய கருவிக்குள் இருக்கிறது. வலது கண்ணுக்காவது அது வேண்டும் ஐயா. எனக்கு மிச்சம் இருப்பது அந்தக் கண் ஒன்றுதான்.

5. என் மகள் ஏழாம் வகுப்பு. இப்போதே மைனஸ் 5. பள்ளியில் கண்ணாடி இலவசமாகக் கொடுத்தார்கள், நன்றி. ஆனால் கண் நீளம் ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஏறக்குறைய இரண்டரை, மூன்று பவர் ஏறும் என்கிறார்கள். அந்த நீளத்தை அளக்கும் ஏ-ஸ்கேன் கண்புரை ஆபரேஷனுக்காக இங்கேயே தினமும் ஓடுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மைனஸ் பிள்ளைகளுக்கும் அளந்து ஓ.பி. சீட்டில் எழுதித் தரக் கூடாதா? வேகமாக நீள்கிற பிள்ளைகளுக்குக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து கொடுத்து வேகத்தைக் குறைக்கிறார்கள். எந்தப் பிள்ளைக்குத் தேவை என்று அளக்காமல் எப்படித் தெரியும்?

6. ஆகவே கருவியைப் பழுது பார்த்து, அதற்கென்று ஒரு கண் மருத்துவ உதவியாளரை நியமிக்க வேண்டும். நீண்ட கண்ணில் படம் வளைந்து கட்டத்தை விட்டு வெளியே ஓடும், பழகாத கை எடுத்தால் உதவாது. எனவே பயிற்சி உள்ளவரைப் போடுங்கள். அவர் மாறுதலில் போனால் அடுத்தவர் வந்த பிறகு அனுப்புங்கள். படங்களை நோயாளி எண்ணில் சேமித்து வையுங்கள். கோடு நெளிந்து தெரிகிறது என்று வருகிறவருக்கு அன்றைக்கே ஸ்கேன் எடுங்கள். அன்றைக்கே. அடுத்த வாரம் வா என்று சொல்லாதீர்கள்.

புதுக் கட்டடம் கேட்கவில்லை, புதுக் கருவியும் கேட்கவில்லை. வாங்கி வைத்ததை ஓட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். கோபமாக எழுதியது தெரிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த மனுவையும் "முடித்து வைத்து" விடாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து ஸ்கேன் எடுக்கப்படும் என்று எழுத்தில் பதில் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: ஓ.பி. சீட்டு நகல்கள், வெளியில் எடுத்த ஸ்கேன் படங்கள், முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள், மகளின் கண்ணாடிச் சீட்டு.