அழுத்தத்தோடு நிழலையும் பதியுங்கள்

செவ்வாயில் இனி தரையிறங்கவிருக்கும் கலங்களைத் திட்டமிடும் குழுக்களுக்கு,

வணக்கம். உங்கள் கருவிப் பட்டியலில் காற்றழுத்த உணரி எப்படியும் இடம்பிடித்துவிடும். அதன் அருகிலேயே ஒளி உணரியும் வையுங்கள், இரண்டையும் நொடிக்கு ஒருமுறையாவது பதியுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

சுழல்காற்று ஒன்று கலத்தைக் கடந்தால் அழுத்தம் சில நொடிகள் சரிந்து மீளும். சுழல் வந்தது என்பதற்கு அது சாட்சி. புழுதி வந்ததா என்று அதற்குச் சொல்லத் தெரியாது. 2018 நவம்பரில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் இன்சைட் கலம் இத்தகைய சரிவுகளை ஆயிரக்கணக்கில் பதிந்தது. ஆனால் முதல் பல மாதங்களில் அதன் கேமராவில் ஒரு புழுதிச் சுழல்கூடச் சிக்கவில்லை. வெறுங்காற்றாய்ச் சுழன்றவை எத்தனை, மண்ணை அள்ளியவை எத்தனை என்று பிரிக்காமல், சுழல்கள் வானில் ஏற்றும் தூசிக்குக் கணக்குப் போட முடியாது.

அதைப் பிரித்துக் காட்டுவது வெயில்தான். சூரியனுக்கும் உணரிக்கும் நடுவே தூசித் தூண் வந்தால் நேரடி ஒளி மங்கும். ஒரு விழுக்காடு மங்கினால் ஒளியியல் தடிமன் (தூசி ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பதன் அளவு) ஏறத்தாழ 0.01. துகள்களின் அளவு தெரிந்தால் அதிலிருந்து தூசியின் எடையையும் மதிப்பிடலாம். கோள் அறிவியலாளர் ரால்ஃப் லோரன்ஸ் குழுவினர் 2013இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து வறண்ட ஏரிப்படுகையில் அழுத்தத்தையும் ஒளியையும் சேர்த்தே பதிந்தார்கள். அழுத்தம் சரிந்தும் ஒளி அசையாத சுழல்கள் அதில் இருந்தன.

ஒளி அசையவில்லை என்பதற்காகத் தூசியே இல்லை என்று தீர்ப்பெழுதிவிடவும் கூடாது. நிழல் வேறு பக்கம் விழுந்திருக்கலாம். சூரியக் கோட்டுக்கு வெளியே நிற்கும் தூண் ஒளியைச் சிதறடித்து, வானத்தின் ஒரு பகுதியைச் சற்றுக் கூடுதலாக ஒளிரவைப்பதும் உண்டு. நாசாவின் பெர்சவரன்ஸ் ஊர்தியிலுள்ள வானிலைக் கருவியில் மேல்நோக்கிய ஒளி டயோடுகளோடு (ஒளியை அளக்கும் சிறு உணரிகள்) பக்கவாட்டில் பார்ப்பவையும் இருப்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது. எட்டுத் திசைக்கும் டயோடு வைக்க இடமில்லையா? இரண்டு திசைக்காவது வையுங்கள்.

உணரிமீதே தூசி படியுமே என்பீர்கள். படியட்டும். அது நாட்கணக்கில் நடப்பது. நமக்கு வேண்டியது சில நொடிகளில் எத்தனை விழுக்காடு குறைந்தது என்பது மட்டுமே.

தரவைச் சுருக்கும் வழக்கம்தான் எனக்குப் பெரிய கவலை. பத்து நொடி நீடிக்கும் 3% மங்கலை ஒரு நிமிடச் சராசரியில் கரைத்தால் 0.5% ஆகிவிடும். யார் கண்ணில் படும் அது? தரவு அனுப்பும் வசதி குறைவென்றால், அழுத்தம் சரியும்போது முன்னும் பின்னும் சில நிமிடங்களை மட்டும் முழு வேகத்தில் சேமியுங்கள்.

ஒளி உணரிக்கு எடை ஒதுக்கவே முடியாதென்றால், சூரியத் தகட்டின் மின்னோட்டத்தையாவது அதே வேகத்தில் பதிந்து, பொறியியல் தரவு என்று ஒதுக்காமல் அழுத்தத் தரவோடு சேர்த்து வெளியிடுங்கள். தகட்டில் படிந்த தூசியால் இன்சைட் 2022 டிசம்பரில் ஓய்ந்தது. 2005 மார்ச்சிலோ, காற்று துடைத்துவிட்டதால் செவ்வாயில் இருந்த ஸ்பிரிட் ஊர்தியின் மின்சாரம் திடீரென ஏறியது. ஆகவே அந்தப் பதிவு உங்கள் மின்பொறியாளர்களுக்கும் தேவைப்படும்.

இப்படிக்கு,
செவ்வாய்த் தரவுகளை ஆர்வத்தால் அலசும் ஒருவர்