ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி முன்னாள் மாணவர் மன்றம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும், தலைமை ஆசிரியை அம்மாவுக்கும், நம் பள்ளியில் படித்த அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோருக்கும் வணக்கம்.

மன்றம் இந்த ஆண்டு நான்கு முறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுற்றுச்சுவர் ஓவியம், ஆண்டு விழாப் பரிசுகள், இரண்டு மின்விசிறிகள் எல்லாம் சொன்னபடி முடிந்துவிட்டன. பள்ளியில் புதிதாகத் தொடங்கிய பிள்ளைகள் சபையைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்லப்போகிறேன். இந்த ஆண்டின் பெரிய காரியம் அதுதான்.

ஜூலையில் சபை உறுப்பினர்களுக்குக் கை தூக்கச் சொல்லித் தேர்தல் வைத்தோம். சத்தமாகப் பேசுகிற ஐந்தாம் வகுப்புப் பையன்களே எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் மன்றச் செலவில் வேன் பிடித்து, பெரிய வகுப்புப் பிள்ளைகளை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்த முறையை ஆசிரியை விளக்கினார். 35 வயதுக்குக் குறைந்தவர் நிற்க முடியாது என்றதும் பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. ஓலையை எடுத்தது ஒரு சிறுவன் என்றதும் ஒரே ஆரவாரம். "அவன் எங்களவிடச் சின்னவனா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

திரும்பி வரும்போது வேனிலேயே புது விதி தயார். வகுப்புக்கு இரண்டு பேர். பெயர்ச்சீட்டைக் குடத்தில் போட்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எடுக்க வேண்டும். பருவத்துக்கு ஒருமுறை குடம் மாறும். பதவி வகித்தவர் மூன்று ஆண்டு ஒதுங்கியிருக்க வேண்டும் என்று கல்வெட்டில் இருக்கிறதல்லவா, அதையும் சுருக்கி எடுத்துக்கொண்டார்கள்: ஒருமுறை வந்தவர் பெயர் அந்த ஆண்டு மறுபடி குடத்தில் கிடையாது.

சீட்டு முறையால் வந்த பலனை என் கண்ணால் பார்த்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வேப்ப மரத்தடியில் சபை. இரண்டாவது கூட்டத்தில், வகுப்பில் வாயே திறக்காத இரண்டாம் வகுப்புச் சிறுமி எழுந்து, "கக்கூஸ் தாழ்ப்பா எட்டல" என்றாள். கை தூக்கும் தேர்தலில் அவள் ஜெயித்திருக்கவே மாட்டாள். போய்ப் பார்த்தோம். தாழ்ப்பாள் ஐந்தடி உயரத்தில் இருந்தது. அவள் எக்கி நின்றும் விரல்நுனிக்கு மேல் இன்னும் நாலு விரற்கடை இடைவெளி. கதவோரம் ஒரு செங்கல் கிடந்தது. சின்னப் பிள்ளைகள் அதன் மேல் ஏறித்தான் பூட்டுவார்களாம், இல்லையென்றால் தோழி வெளியே கதவைப் பிடித்துக்கொள்வாளாம். கூட யாரும் வராத நாளில் போகாமல் இருக்க வேண்டும் என்று சிலர் தண்ணீரே குடிப்பதில்லை. அது எனக்கு ரொம்ப நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

தச்சர் கூலியோடு 400 ரூபாய்க்குள் இரண்டு கதவுக்கும் கீழே தாழ்ப்பாள் வைத்தாயிற்று. அதே மாதம் சுவர் ஓவியத்துக்கு நாம் போட்ட பணம் இதைப்போலப் பல மடங்கு. ஓவியம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் செலவு செய்வதற்கு முன் பிள்ளைகளிடம் நாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஆண்டு பள்ளிக்கான எந்தச் செலவும் முதலில் சபைக்குப் போக வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன்.

சபைக்கு ஒரு பதிவேடு உண்டு. இடப்பக்கம் கோரிக்கை, வலப்பக்கம் பதில். முடியாது என்றாலும் ஏன் முடியாது என்று எழுதி வாசிக்க வேண்டும். காலை உணவில் உப்புமாவுக்குப் பதில் தோசை கேட்டார்கள். 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளில் நடக்கிற திட்டம், உணவுப் பட்டியலை நாம் மாற்ற முடியாது என்று தலைமை ஆசிரியை பொறுமையாகச் சொன்னார். சரி, அப்படியென்றால் சாம்பாரை உப்புமா மேல் ஊற்றாமல் ஓரமாக ஊற்றச் சொல்லுங்கள் என்றார்கள். சமையல் அக்கா மறுநாளே அப்படிச் செய்தார். அன்றிலிருந்து தட்டில் மிச்சம் குறைந்திருக்கிறது என்கிறார்.

இரண்டாம் பருவத்தில் தவறினோம். அரையாண்டுத் தேர்வு, ஆய்வு என்று இரண்டு மாதம் சபை கூடவில்லை. பதில் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. ஜனவரியில் மறுபடி கூட்டியபோது யாரும் எழவில்லை. "போன தடவ சொன்னதுக்கே பதில் வரல" என்றான் ஐந்தாம் வகுப்புப் பையன். கேட்டுவிட்டுப் பதில் தராமல் இருப்பது, கேட்காமலே இருப்பதைவிட மோசம் என்று அன்று புரிந்தது. பழைய கோரிக்கைகளுக்கெல்லாம் உட்கார்ந்து பதில் எழுதிய பிறகுதான் அவர்கள் வாய் திறந்தார்கள்.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது, 1992ல் இந்தியா ஏற்ற ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு. நாம் கேட்டுக்கொண்டபடி மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் முதல் பத்து நிமிடம் சபையிலிருந்து இரண்டு பிள்ளைகள் பேசுகிறார்கள். இதுவரை இரண்டு முறை நடந்திருக்கிறது. ஒத்துழைத்த குழுவுக்கும் ஆசிரியைகளுக்கும் மனமார்ந்த நன்றி.

மழை பெய்தால் பள்ளி வாசலில் சாக்கடை நீர் முழங்கால் வரை தேங்குகிறது. இது பிள்ளைகள் மூன்று முறை எழுதிய கோரிக்கை. மனு கொடுத்தோம், பதில் இல்லை. பதிவேட்டில் இந்த ஒரு வரிக்கு எதிரே மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. வரும் திங்கட்கிழமை காலை 10 மணிக்கு மறுபடியும் மனுவோடு போகிறோம். கூட வரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். அறிக்கையை ஏற்று ஒப்புதல் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்