கையடக்க விளையாட்டுக் கருவியில் இணையம்: ஒரு திருத்தமும் ஒரு வேண்டுகோளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் கையில் புழங்கும் விளையாட்டுக் கருவிகளைப் பற்றிச் சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் பல அதில் இருந்தன. ஆனால், இணையம் உள்ளங்கைக்குள் வந்ததே தொடுதிரைக் கைப்பேசியோடுதான் என்றும், அதற்கு முந்தைய கையடக்க விளையாட்டுக் கருவிகளால் விளையாடுவதைத் தவிர வேறு பயன் இருந்ததில்லை என்றும் கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதியிருந்ததை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் எனக்கு வாய்த்த ஒரே கணினி அப்படிப்பட்ட ஒரு விளையாட்டுக் கருவிதான்.

முதலில் ஆண்டுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஐபோன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 2007 ஜூன் மாதக் கடைசியில். சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியான பிஎஸ்பி 2004 டிசம்பரிலேயே ஜப்பானில் வெளியாகிவிட்டது. 2005 ஜூலையில் ஜப்பானுக்கும் அதற்கு அடுத்த மாதம் அமெரிக்காவுக்கும் வழங்கப்பட்ட 2.00 எண்ணுள்ள மென்பொருள் புதுப்பிப்பில், ஆக்சஸ் என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த, இணையப் பக்கங்களைத் திறக்கும் நெட்ஃபிரண்ட் உலாவி காசில்லாமல் அந்தக் கருவிக்குள் வந்து சேர்ந்தது. நிண்டெண்டோவின் டிஎஸ் கருவிக்கு ஓபரா நிறுவனம் செய்து கொடுத்த உலாவி 2006 ஜூலையில் ஜப்பானிலும், அக்டோபரில் ஐரோப்பாவிலும், 2007 ஜூன் தொடக்கத்தில், அதாவது ஐபோனுக்குச் சில வாரங்கள் முன்னதாக, அமெரிக்காவிலும் கடைக்கு வந்தது. இன்னும் பின்னோக்கிப் போனால், 1997இல் அமெரிக்காவில் டைகர் நிறுவனம் விற்ற கேம்.காம் என்ற கருவியை மோடத்தோடு கம்பியால் இணைத்து, எழுத்தை மட்டும் காட்டும் இணையத்தைப் பார்க்க முடிந்தது. அது வணிகத்தில் தேறவில்லை என்பது வேறு கதை.

இதில் எனக்குப் பிடித்த நிகழ்வு, சோனி முறையாக உலாவியைத் தருவதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்தது. அமெரிக்காவில் பிஎஸ்பியோடு வெளியான ‘வைப்பவுட் ப்யூர்’ என்ற பந்தய விளையாட்டில், கூடுதல் தடங்களைத் தரவிறக்கிக்கொள்ள ஒரு திரை இருந்தது. அந்தத் திரை உண்மையில் ஓர் இணையப் பக்கம் என்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். இணைப்பு அமைப்பில், ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால் அது இருக்கும் இடத்தைச் சொல்லும் டிஎன்எஸ் சேவையின் முகவரியை மாற்றி, நிறுவனத்தின் பக்கத்துக்குப் போக வேண்டிய விளையாட்டைத் தங்கள் சொந்தப் பக்கத்துக்குத் திருப்பி, அங்கிருந்து உலகத்தின் மற்றப் பக்கங்களுக்கெல்லாம் போய்விட்டார்கள். வாசற்கதவு திறக்கும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் சன்னல் வழியாக ஏறிக் குதித்த கூட்டம் அது.

நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன். 2006இல் சிங்கப்பூருக்குப் போய்க் கப்பல் பட்டறை ஒன்றில் வெல்டராக வேலை பார்த்தவன். மடிக்கணினி வாங்குவது என்பது என் நான்கைந்து மாதச் சேமிப்பைக் கரைக்கும் காரியம். எங்கள் அறையில் இருந்த புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் ஊர் திரும்பும்போது, தாம் பழையதாக வாங்கியிருந்த பிஎஸ்பியை 100 சிங்கப்பூர் வெள்ளிக்கு என்னிடம் விட்டுவிட்டுப் போனார். விளையாட்டுத் தட்டு ஒன்றுகூட அதோடு வரவில்லை. நானும் வாங்கவில்லை. 2006 டிசம்பரில் சிங்கப்பூர் அரசு, ‘வயர்லெஸ் அட் எஸ்ஜி’ என்ற பெயரில் பொது இடங்களில் நொடிக்கு 512 கிலோபிட் வேகத்தில் இலவச வைஃபை தரத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில் சாமான் வாங்கி முடித்ததும், பொது நூலகத்தின் குளிரில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, கருவியின் இடப்பக்கம் இருக்கும் வைஃபை பொத்தானைத் தள்ளிவிட்டு, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒவ்வோர் எழுத்தாக அடிப்பேன்.

அடிப்பேன் என்று எளிதாக எழுதிவிட்டேன். அந்தக் கருவியில் விசைப்பலகை கிடையாது. பழைய நோக்கியா போனில் இருந்ததுபோல மூன்று நான்கு எழுத்துகளை ஒரே கட்டத்தில் அடைத்த பலகை ஒன்று திரையில் தோன்றும்; ‘எஸ்’ வேண்டுமென்றால் அதே கட்டத்தை நான்கு முறை அழுத்த வேண்டும். இடக்கைக் கட்டைவிரலால் ஒரு சிறு குமிழை நகர்த்தினால் திரையில் அம்புக்குறி நகரும். சதுரப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதே குமிழைத் தள்ளினால் பக்கம் உருளும். முந்தைய பக்கத்துக்குத் திரும்ப இடத்தோள் பொத்தான், அடுத்ததற்குப் போக வலத்தோள் பொத்தான். ஒரே நேரத்தில் மூன்று பக்கங்கள்வரை திறந்து வைக்கலாம். கார் ஓட்டும் விளையாட்டுக்காக வைத்த பொத்தான்களில் செய்தி படிப்பது முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இரண்டாவது மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டே செய்யும் அளவுக்குப் பழகிவிட்டது.

திரையின் அகலம் 480 புள்ளி, உயரம் 272 புள்ளி. அன்றைய தளங்களோ 800 அல்லது 1024 புள்ளி அகலமுள்ள கணினித் திரைகளை எண்ணி அமைக்கப்பட்டவை. ஆகவே உலாவியில் மூன்று காட்சி முறைகள் இருந்தன: பக்கத்தை உள்ளபடியே காட்டுவது ஒன்று, சுருக்கித் திரைக்குள் அடக்குவது ஒன்று, எல்லாவற்றையும் ஒரே பத்தியாக மடித்துக் கீழே கீழே அடுக்குவது ஒன்று. நான் எப்போதும் வைத்திருந்தது மூன்றாவதைத்தான். டிஎஸ் கருவியின் திரைகள் இதைவிடச் சிறியவை, ஒவ்வொன்றும் 256க்கு 192 புள்ளி. ஆனால் திரைகள் இரண்டு என்பதால், ஒன்றில் முழுப் பக்கத்தின் சிறு உருவையும் மற்றதில் அதன் ஒரு பகுதியைப் பெரிதாக்கியும் காட்டும் நல்ல யோசனையை ஓபரா செய்திருந்தது.

உண்மையான இடைஞ்சல் நினைவகம்தான். நான் வைத்திருந்த முதல் வகை பிஎஸ்பியின் மொத்த நினைவகமே 32 மெகாபைட். 2007இல் வந்த மெலிந்த வகையில் அதை 64 ஆக்கினார்கள். டிஎஸ் கருவியின் முதன்மை நினைவகம் 4 மெகாபைட் மட்டுமே என்பதால், உலாவியோடு சேர்த்து 8 மெகாபைட் கூடுதல் நினைவகத்தைத் தனித் துண்டாகக் கொடுத்து, பழைய கேம்பாய் அட்வான்ஸ் விளையாட்டுகளைச் செருகும் துளையில் செருகச் சொன்னார்கள். படங்கள் நிறைந்த பக்கத்தைத் திறந்தால் பிஎஸ்பி பாதி வழியில், ‘போதிய நினைவகம் இல்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். எந்தத் தளம் திறக்கும், எது பாதியில் கைவிடும் என்று ஒரு நோட்டில் எழுதியே வைத்திருந்தேன். எடை குறைந்த பக்கங்களை எழுதுகிறவர்கள் யார், அள்ளிக் கொட்டுகிறவர்கள் யார் என்பது அந்த நோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தமிழ் என்று வந்தபோது நிலைமை இன்னும் மோசம். அந்தக் காலத்தில் தமிழ்ச் செய்தித் தளங்கள் பலவும் தத்தமக்கென, எழுத்துகளை எண்களாகக் குறிக்கும் ஒரு குறியாக்கத்தையும் எழுத்துருவையும் வைத்திருந்தன. எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் உத்தி கணினியில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவிக்குள் மட்டுமே பலித்தது. என் கருவியில் அவை தலையில் புள்ளியும் கோடும் சுமந்த ஐரோப்பிய எழுத்துகளாக வரிவரியாக இறங்கும். உலகப் பொதுக் குறியாக்கமான யூனிகோடில் எழுதப்பட்ட பக்கங்களும் உதவவில்லை, ஏனென்றால் கருவியில் தமிழ் எழுத்துருவே இல்லை. எழுத்துருவை மட்டும் வைத்துவிட்டாலும் போதாது என்பது பின்னாளில்தான் எனக்குப் புரிந்தது: ‘கொ’ என்று காட்ட வேண்டுமானால் ககரத்துக்கு முன்னால் ஒற்றைக் கொம்பையும் பின்னால் காலையும் சரியான இடத்தில் பொருத்தத் தெரிந்த மென்பொருளும் உள்ளே இருக்க வேண்டும். இந்த வகையில் நம் ஊர்ச் சாதாரண போன்கள் பிஎஸ்பியை முந்திவிட்டன என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓபரா மினி உலாவியின் அமைப்புப் பக்கத்தில் ஒரு தெரிவை மாற்றினால், தமிழ் எழுத்தை ஓபராவின் சேவையகக் கணினியே படமாக்கி அனுப்பிவிடும். அந்த வித்தையைக் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டு திரிந்த நாள்கள் தங்கள் வாசகர்களில் பலருக்கு நினைவிருக்கும்.

ஆனால் படத்தைக் காட்ட பிஎஸ்பிக்குத் தெரியும். மன்னார்குடியில் என் அக்கா கைப்பட எழுதிய கடிதத்தைப் பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னேன். முதல் கடிதம் நினைவகக் குறைவால் திறக்கவே இல்லை. அளவைக் குறைத்து அனுப்பும்படி சென்டர்க்காரரிடம் சொல்லச் சொல்லி, மூன்றாவது முறை சரியாக வந்தது. ஒரு நேரத்தில் நான்கு வரிதான் திரையில் தெரியும். அக்கா ழகரத்தின் வாலை அடுத்த வரிவரைக்கும் நீட்டி எழுதும் வழக்கமுடையவர். குமிழைத் தள்ளிப் பக்கத்தை உருட்டும்போதெல்லாம், சொல் வருவதற்கு முன்னால் வால் தெரியும். அப்பாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்த செய்தியை நான் படித்தது அந்தத் திரையில்தான். ‘விளையாடுவதைத் தவிர வேறு பயன் இல்லை’ என்ற வரி ஏன் என்னை உறுத்தியது என்பது இப்போது தங்களுக்கு விளங்கும் என்று நம்புகிறேன்.

பின்னாளில் வந்த நிண்டெண்டோவின் 3டிஎஸ், சோனியின் பிஎஸ் வீட்டா ஆகிய கையடக்கக் கருவிகளிலும் உலாவி இருந்தது. 2017 மார்ச்சில் வந்த நிண்டெண்டோ ஸ்விட்சில், பொது வைஃபையில் உள்நுழையும் பக்கத்தைக் காட்டுவதற்கும் சில உள்வேலைகளுக்கும் ஓர் உலாவி ஒளிந்திருக்கிறதே தவிர, நாம் விரும்பிய முகவரியை எழுதித் திறக்க முறையான வழியில்லை. எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது ஒரு காரணம். கருவியின் பூட்டை உடைக்க நினைப்பவர்களுக்கு உலாவியின் ஓட்டைகளே வாகான வழியாக இருந்தன என்பது இன்னொரு காரணமாக இருக்கலாம். வீட்டாவை 2016இல் அப்படித்தான் திறந்தார்கள். 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி, உள்ளுக்குள் முழு லினக்ஸ் கணினி என்பதால், கணினி உலாவிகளையே நிறுவிக்கொள்ள இடம் தருகிறது.

என் பிஎஸ்பி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மின்கலம் மட்டும் மாற்றியிருக்கிறேன். ஆனால் அதில் இன்று எந்தத் தளமும் அநேகமாகத் திறப்பதில்லை. தகவலை வழியில் யாரும் படிக்காதபடி மறைத்து அனுப்பும் முறை இணையத்தில் வளர்ந்துவிட்டது, அதில் டிஎல்எஸ் 1.0, 1.1 என்ற பழைய முறைகளை 2020இல் பெரிய உலாவிகளே கைவிட்டன, தளங்களும் அவற்றை ஏற்பதில்லை. பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம் என்பதால் அதில் எனக்குக் குறையில்லை.

என் குறை வேறு. அந்த 32 மெகாபைட் கருவியில் ஆங்கிலச் செய்தியை என்னால் படிக்க முடிந்தது. அதைவிடப் பல மடங்கு வலுவுள்ள இன்றைய போனில், தங்கள் தளத்தின் ஒரு செய்தியை நிம்மதியாகப் படிக்க முடியவில்லை. தலைப்பைத் தொட விரலைக் கொண்டுபோகும் நேரத்தில் மேலே ஒரு விளம்பரம் வந்து இறங்க, தலைப்பு கீழே நழுவி, விரல் விளம்பரத்தின்மேல் பட்டுவிடுகிறது. ஓரத்தில் ஒரு காணொளி, கேட்காமலே ஓடத் தொடங்குகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பகுதியைப் புரட்டிப் போட்டு, மின்சாரமும் கோபுரங்களும் படுத்துவிட்ட நாள்களில், பாலத்தின்மேல் ஏறி நின்றால்தான் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும். நிவாரண அறிவிப்பைப் பார்ப்பதற்காக அங்கே நின்று தங்கள் தளத்தைத் திறந்தேன். பெயர்ப்பலகை வந்தது, விளம்பரத்துக்கான வெள்ளைக் கட்டம் வந்தது, செய்தி வரவில்லை. அமெரிக்காவில் அதற்கு முந்தைய ஆண்டு இர்மா புயலின்போது, சிஎன்என் எழுத்து மட்டும் கொண்ட ஒரு பக்கத்தைத் தன் வாசகர்களுக்குச் சுட்டிக் காட்டியது. என்பிஆர் வானொலியிடமும் அப்படி ஒரு பக்கம் உண்டு. இன்று தமிழ் எழுத்தைக் காட்டாத போன் அரிது, ஆகவே மொழி ஒரு தடையாக இருக்க முடியாது.

எனவே, தங்கள் தளத்திலும் படமும் காணொளியும் இல்லாத, தலைப்பும் செய்தியும் மட்டும் உள்ள ஒரு பக்கத்தை அமைத்து, அதற்கான இணைப்பை முகப்பின் முதல் வரியிலேயே வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது என்பது தெரியும். அதையும் ஓரிரு வரி எழுத்தாகவே போடுங்கள், படிக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
மன்னார்குடி