கிலோவை மட்டும் எண்ணினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சில நாட்களிலேயே சர்க்கரை மாத்திரைகளை நிறுத்திவிட்டவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அதில் சொல்லப்பட்டது மிகையில்லை. அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் வால்டர் போரிஸ் தம் நோயாளிகளிடம் கண்ட இந்த மாற்றத்தை 1995-லேயே ஆய்விதழில் பதிவு செய்திருக்கிறார். ஆயினும், அந்தச் சில நாட்களில் உடலின் எந்த உறுப்பு மாறுகிறது, எது மாறாமல் இருக்கிறது என்பதைக் கட்டுரை தொடவில்லை. அதனால், அறுவைச் சிகிச்சை இன்சுலின் எதிர்ப்பை (இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத நிலையை) ஒரே வாரத்தில் அடியோடு நீக்கிவிடுகிறது என்ற எண்ணம் வாசகர்களுக்கு ஏற்படக்கூடும். உடலியங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், கட்டுரையில் இடம்பெறாத தசையைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

இன்சுலினின் தூண்டுதலால் இரத்தத்திலிருந்து வெளியேறும் குளுக்கோஸில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்பவை எலும்புத்தசைகளே. இன்சுலினையும் குளுக்கோஸையும் ஒருசேர இரத்தநாளத்தில் செலுத்தி அளக்கும் 'கிளாம்ப்' சோதனையில் தசைகளின் பங்கு ஏறத்தாழ முக்கால் அளவுக்கு வருகிறது. இன்சுலின் தசைநாரின் மேற்பரப்பில் வந்து பொருந்தியதும், உள்ளே ஒதுங்கியிருக்கும் 'க்ளூட்-4' என்ற கடத்திப் புரதங்கள் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே விடுகின்றன. உடற்பருமன் உள்ளவர்களின் தசைநார்களுக்குள் சேரும் டைஅசைல்கிளிசரால், செராமைடு போன்ற கொழுப்புப் பொருட்கள் இந்தச் சமிக்ஞையைப் பாதிவழியில் மழுங்கடிக்கின்றன. தசையில் கொழுப்பு இருப்பதே குற்றம் என்று இதற்குப் பொருளில்லை. நெடுந்தூர ஓட்டக்காரர்களின் தசைகளிலும் கொழுப்புத் துளிகள் நிறைய உண்டு. அவர்கள் அதை எரித்து எரித்து மீண்டும் நிரப்புவதால், அவர்களின் இன்சுலின் உணர்திறன், அதாவது இன்சுலினுக்குத் தசை செவிசாய்க்கும் திறன், உயர்வாகவே இருக்கிறது.

அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய முதல் வாரத்தில் சர்க்கரை குறைவதற்குப் பெரிதும் காரணமாக இருப்பது கல்லீரல். உணவு திடீரெனச் சுருங்குவதால் கல்லீரலில் தேங்கிய கொழுப்பு விரைவாகக் கரைகிறது. கல்லீரல் இரவெல்லாம் இரத்தத்தில் விடும் குளுக்கோஸின் அளவு குறைகிறது. காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் சர்க்கரை இறங்குகிறது. இரைப்பை மாற்றுப்பாதை எனப்படும் 'கேஸ்ட்ரிக் பைபாஸ்' செய்தவர்களிடம் உணவு வேகமாகச் சிறுகுடலை அடைவதால் 'ஜிஎல்பி-1' என்ற குடல் ஹார்மோன் பன்மடங்கு சுரந்து, கணையத்தையும் உரிய நேரத்தில் இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது. ஆனால், இதே நோயாளிகளிடம் ஓரிரு வாரங்களில் கிளாம்ப் சோதனை செய்து பார்த்தபோது, தசைகள் குளுக்கோஸை ஏற்கும் அளவில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. எடை கணிசமாகக் குறைந்த பிறகு, அதாவது மூன்று மாத அளவில்தான், அது தெரியத் தொடங்கி ஓராண்டில் மேலும் உயர்ந்தது. சிறுகுடலின் பெரும்பகுதியைச் செரிமானப் பாதையிலிருந்து விலக்கும், அரிதாகவே செய்யப்படும் வேறொரு வகை அறுவையில் தசையின் உணர்திறன் சில நாட்களிலேயே உயர்வதாகக் கண்டிருக்கிறார்கள். அதன் காரணம் இன்றும் விவாதத்துக்குரியது. எனவே, மாத்திரை நின்றது என்பதை வைத்துத் தசை சீரானது என்று முடிவுகட்டுவது பொருந்தாது.

தசையை மாற்றுவது கத்தியா, எடைக்குறைவா என்ற கேள்விக்கு 2020-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியான சிறிய ஆய்வு ஒன்று ஓரளவு விடையளித்தது. நீரிழிவும் பருமனும் கொண்ட 22 பேரில் பாதிப் பேர் உணவுக் கட்டுப்பாட்டாலும், மீதிப் பேர் பைபாஸ் அறுவையாலும் உடல் எடையில் ஏறக்குறைய 18 சதவீதத்தைக் குறைத்தபோது, கல்லீரலிலும் தசையிலும் இன்சுலின் உணர்திறன் இரு தரப்பினருக்கும் ஒத்த அளவிலேயே உயர்ந்திருந்தது. இதை அறுவைச் சிகிச்சைக்கு எதிரான சான்றாக நான் படிக்கவில்லை. உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் அவ்வளவு எடையைக் குறைத்து, குறைத்ததைக் காப்பாற்றிக்கொள்பவர்கள் மிகச் சிலரே. அதே வேளையில், நீரிழிவுக்கு அறுவையையும் மருந்தையும் ஒப்பிட்ட 'ஸ்டாம்பீட்' என்ற ஆய்வின் ஐந்தாண்டு முடிவில், எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) அளவு 6 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தவர்கள் பைபாஸ் செய்தவர்களில் 29 சதவீதம், 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையைக் குறைத்துக்கொண்டவர்களில் 23 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மருந்தைவிடப் பலன் பல மடங்கு என்பதும், எல்லோருக்கும் நிரந்தரத் தீர்வு இல்லை என்பதும் இந்த எண்களுக்குள்ளேயே இருக்கின்றன.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. இழக்கும் எடை முழுவதும் கொழுப்பன்று. ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ கொழுப்பல்லாத திசுக்களாக இருக்கலாம், அதுவும் முதல் ஆறு மாதங்களிலேயே பெரும்பாலும் போய்விடுகிறது. இதில் நீரும், உடல் சேமித்து வைக்கும் சர்க்கரையான கிளைக்கோஜனும் அடங்கும் என்பதையும், கனத்த உடலைச் சுமப்பதற்காகக் கூடுதலாக வளர்ந்திருந்த தசை ஓரளவு குறைவது இயல்பே என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தசையின் அளவு சுருங்கும்போதே அதன் இன்சுலின் உணர்திறன் உயர்வது முரண்பாடாகத் தோன்றலாம். எஞ்சிய தசைநார்களுக்குள் கொழுப்பின் நெருக்கடி தளர்ந்து சமிக்ஞை மீள்வதே அதற்குக் காரணம். ஆனால், முதியவர்களுக்கும், தொடக்கத்திலேயே தசை குறைவாக இருந்தவர்களுக்கும் இந்த இழப்பைத் தாங்கும் இடம் அதிகமில்லை. சில ஆண்டுகள் கழித்து எடை திரும்ப ஏறினால், ஏறுவது பெரும்பாலும் கொழுப்பாகவே இருக்கும்; போன தசை அதே அளவில் திரும்புவதில்லை.

இங்கேதான் உடற்பயிற்சி வருகிறது. அதை 'செய்தால் நல்லது' என்ற ஒற்றை வரி அறிவுரையாக ஒதுக்கிவிடுவதை ஏற்க எனக்கு மனமில்லை. பைபாஸ் செய்துகொண்ட நூற்றுக்கும் மேற்பட்டோரை இரு குழுக்களாகப் பிரித்து நடத்தி 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு குழுவினர் ஆறு மாதங்கள் வாரத்துக்குக் குறைந்தது 120 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்தனர். மற்றவர்களுக்கு உடல்நலக் கல்வி மட்டும் வழங்கப்பட்டது. இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவு எடையைத்தான் இழந்தார்கள். ஆனால், பயிற்சி செய்தவர்களின் இன்சுலின் உணர்திறன் மற்றவர்களைவிட அதிகமாக உயர்ந்தது. தசையில், செல்களின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்களின் ஆற்றல் உற்பத்தித் திறனும் அவர்களிடமே மேம்பட்டது. எடை பார்க்கும் இயந்திரத்தை மட்டும் நம்பியிருந்தால் இந்த வேறுபாடு யார் கண்ணிலும் பட்டிருக்காது. இவற்றுக்கு அப்பால், சுருங்கி விரியும் தசை இன்சுலினின் துணை இல்லாமலேயே குளுக்கோஸை உள்வாங்கிக்கொள்ளும் என்பதும் மறக்கக் கூடாத ஒன்று. உடல்வலிமையைப் பேண, எடை தூக்குவது போன்ற எதிர்ப்புப் பயிற்சிகளும் தேவை.

பயிற்சி பலிக்கப் புரதம் வேண்டும். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. சுருங்கிய இரைப்பையில் அவ்வளவைச் சேர்ப்பது எளிதன்று என்பதால், ஒவ்வொரு வேளையும் புரதத்தை முதலில் உண்ணும்படி உணவியல் நிபுணர்கள் அறிவுறுத்துகிறார்கள். பி12, வைட்டமின் டி, இரும்புச்சத்து ஆகியவற்றின் குறைபாடும் களைப்பையோ தசைத் தளர்ச்சியையோ உண்டாக்கும் என்பதால், இரத்தப் பரிசோதனை வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும்.

ஆகவே, இத்தகைய சிகிச்சைகளைப் பற்றி இனி எழுதும்போது, எத்தனை கிலோ குறைந்தது, எத்தனை மாத்திரை நின்றது என்பதோடு, கைப்பிடி வலிமை எவ்வளவு இருந்தது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா, உடலின் கொழுப்பையும் தசையையும் பிரித்து அளக்கும் 'டெக்ஸா' ஸ்கேனில் தசையின் அளவு என்னவாயிற்று என்பனவற்றையும் மருத்துவர்களிடம் கேட்டு வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். செமாகுளுடைடு, டிர்செபடைடு போன்ற ஊசி மருந்துகளால் எடை குறைப்பவர்களுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். அடுத்த கட்டுரையில் அறுவைச் சிகிச்சை நிபுணருடன் ஓர் இயன்முறை மருத்துவரின் கருத்தையும் சேர்த்துக் கொடுத்தால், சிகிச்சைக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உடலியங்கியல் ஆசிரியர் ஒருவர்